மெப் பெரிசென்றால் கேமும் நல்லதா? திறந்த உலக ஆர்பிஜி பற்றி ஓர் எளிய விளக்கம்

நாங்கள் மட்டக்களப்புப் பக்கம். டிசம்பர் விடுமுறைக்குக் களுவாஞ்சிகுடியிலிருந்து அக்காவின் மகன் ஆரையம்பதிக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு கிழமை நின்றான். வந்த அன்றே என் கணினியில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தான். அவனுக்கு ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி கேமை டவுன்லோட் பண்ண வேண்டும். அதற்கு 125 ஜிபி இடம் தேவை. எங்கள் வீட்டு டேட்டாவில் அது எத்தனை இரவு என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டே, "ஏன் மனே, இதுதான் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஆயிரம் கிரகம் இருக்கு மாமா. இதவிடப் பெரிய மெப் எதுல இருக்கு?"

இந்தப் பேச்சு அவனிடம் மட்டும் இல்லை. எந்த ஆர்பிஜி நல்லது என்று நாலு பெடியன்கள் கதைக்கத் தொடங்கினால், இரண்டாவது நிமிடத்தில் மெப்பின், அதாவது கேமுக்குள் நாம் திரியும் நிலப்பரப்பின், அளவு வந்துவிடும். பெரிய மெப் என்றால் நல்ல கேம், சின்ன மெப் என்றால் காசு வீண். சொல்பவர்கள் பிழையான ஆட்கள் இல்லை. பெரிய உலகம் ஏதோ ஒரு விதத்தில் நல்லது என்று அவர்கள் உணர்வதும் உண்மைதான். ஆனால் எது நல்லது, எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் அளவின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கேம் விளையாடாதவர்களும் வாசிக்கலாம்.

இரண்டு சொற்கள், இரண்டு வேறு விசயங்கள்

ஆர்பிஜி என்பது பாத்திரமேற்று விளையாடும் கேம். நீங்கள் ஒரு ஆளாக அதற்குள் போகிறீர்கள். அந்த ஆளின் திறமைகள் போகப்போக வளரும். யாருக்கு உதவுவது, யாரை எதிர்ப்பது என்பதையெல்லாம் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அந்த முடிவுகளால் கதையோ மனிதர்களோ மாற வேண்டும். இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது.

திறந்த உலகம், அதாவது ஓப்பன் வேர்ல்ட், என்பது இடம் பற்றிய சொல். ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டம் என்று கதவு போடாமல், பெரிய நிலப்பரப்பு ஒன்றைத் திறந்து விட்டுவிடுவார்கள். எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் விருப்பம்.

ஒன்று ஆளைப் பற்றியது, மற்றது இடத்தைப் பற்றியது. கார் ஓட்டும் கேம்களிலும் திறந்த உலகம் இருக்கிறது, ஆனால் அவை ஆர்பிஜி இல்லை. 2023 இல் உலகமெங்கும் கொண்டாடப்பட்ட பால்டர்ஸ் கேட் 3 ஓர் ஆர்பிஜி. ஆனால் அது பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் இடங்களைத் தரும், முழுத் திறந்த உலகம் இல்லை. அதனால் இடம் பெரிதானால் ஆளின் கதையும் தானாக நல்லதாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வாவிக்கு மேலே ஒரு மெப்பை வைத்துப் பார்த்தால்

நின்டெண்டோவின் பிரெத் ஒஃப் த வைல்ட் என்ற திறந்த உலக கேம் 2017 இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். கேம் உலகத்தில் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தைக் கேமின் மெப்போடு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாராம். சொந்த ஊரில் எங்கிருந்து எங்கே போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உடம்புக்கே தெரியும் அல்லவா? அந்த அறிவை அவர் பயன்படுத்தினார்.

நானும் அதையே நம் ஊரில் செய்து பார்த்தேன். 2011 இல் வந்த ஸ்கைரிம் என்ற திறந்த உலக ஆர்பிஜியின் நிலப்பரப்பு சுமார் 37 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பரப்பு மட்டுமே நூறு சதுர கிலோமீட்டரைத் தாண்டும். மலை, பனி, நகரங்கள், டிராகன்கள் எல்லாம் சேர்த்து இரண்டு ஸ்கைரிமை நம் வாவிக்குள் இறக்கி வைக்கலாம், அதற்குப் பிறகும் தோணி விட இடம் இருக்கும்.

ஸ்கைரிம் வந்த அதே கேம் வரிசையில் 1996 இல் வந்த டாகர்ஃபோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உலகம் பிரித்தானியா அளவு என்று விளம்பரப்படுத்தினார்கள். ஊர்களும் நிலவறைகளுமாக 15,000 க்கு மேற்பட்ட இடங்கள் அதில் உண்டு. அதற்குப் பக்கத்தில் ஸ்கைரிம் ஒரு வீட்டு வளவு. ஆனால் ஸ்கைரிமைச் சின்ன உலகம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

ஏன் அப்படி? இரண்டு பயணங்களை நினைத்துப் பாருங்கள். கல்லடியில் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போகிறீர்கள். காத்தான்குடியில் தெருவெல்லாம் கடை. ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை என்று ஊர் ஊராக வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சொந்தக்காரர் வீடாவது இருக்கும். இன்னொரு நாள் ரெயிலில் பொலன்னறுவைப் பக்கம் போகிறீர்கள். வாழைச்சேனை, புனானை தாண்டினால் பற்றைக்காடு. தூரம் கூட, ஆனால் என்ன பார்த்தாய் என்று கேட்டால் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். நம் மூளை உலகத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. எத்தனை தரம் நின்று பார்த்தோம் என்பதில்தான் அளக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆர்பிஜி வேறு, திறந்த உலகம் வேறு. பரப்பளவு ஒரு எண். பெரிதாகத் தோன்றுவது ஒரு அனுபவம். இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரே விதைநெல், நாலு ஏக்கர்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்பவர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்கவே தேவையில்லை. ஒரு ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் வீசுகிறீர்கள். அதே இரண்டு புசலை நாலு ஏக்கரில் வீசினால் என்ன நடக்கும்? வயல் பெரிசு என்று சொல்லிக்கொள்ளலாம். பயிர் ஐதாக நிற்கும். இடைவெளியைப் புல்லும் கோரையும் பிடிக்கும்.

கேம் செய்யும் நிறுவனத்திடம் இருக்கும் ஆட்களும் காலமும் காசும்தான் அந்த விதைநெல். கணக்கையும் பார்த்துவிடுவோம். நீளம் 4 கிலோமீட்டர், அகலம் 4 கிலோமீட்டர் உள்ள ஒரு மெப். பரப்பு 16 சதுர கிலோமீட்டர். அதில் பார்க்கத் தகுந்த 160 விசயங்களை வைத்தால் சதுர கிலோமீட்டருக்குப் பத்து. இப்போது நீளத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்குங்கள். பரப்பு 64 ஆகிவிடும். அதே 160 என்றால் சதுர கிலோமீட்டருக்கு இரண்டரை. பழைய நிறைவு வேண்டுமானால் 640 விசயங்கள் செய்தாக வேண்டும். பக்கம் இரண்டு மடங்கு, வேலை நாலு மடங்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை நல்ல விசயம் இருக்கிறது என்ற இந்த அளவைத்தான் அடர்த்தி என்கிறோம்.

நாலு மடங்கு ஆட்களை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. அப்போது இடைவெளியைக் களை பிடிக்கிறது: பத்து ஓநாயைக் கொன்று வா, இருபது மூலிகை பறித்து வா, இந்தக் கோபுரத்தில் ஏறு, அதே மாதிரி இன்னொரு கோபுரத்தில் ஏறு. மெப்பைத் திறந்தால் முழுக்கக் குறிகள். அவற்றை ஒவ்வொன்றாக அழிப்பது விளையாட்டு மாதிரி இருக்காது, வீட்டுக் கணக்கை முடிப்பது மாதிரி இருக்கும்.

அப்படியென்றால் ஆயிரம் கிரகத்தை எப்படிச் செய்தார்கள்?

மருமகன் கேட்ட நல்ல கேள்வி இது. இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன.

முதலாவது ஸ்ட்ரீமிங். இரவில் வாவியில் விளக்கு வைத்துக்கொண்டு தோணியில் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவரைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் வெளிச்சம். தோணி நகர நகர வட்டமும் நகரும், பின்னால் விட்ட தண்ணீர் இருட்டாகிவிடும். கேமும் அப்படித்தான். மெப் முழுவதையும் கணினி ஒரேநேரத்தில் நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் நிற்கும் துண்டையும் அதைச் சுற்றியுள்ள துண்டுகளையும் ஏற்றிக்கொள்ளும், தூரத்தில் இருப்பதை இறக்கிவிடும். மலை மாதிரித் தூரத்துப் பொருட்களை விபரம் குறைந்த உருவமாகக் காட்டும். ஆகவே இன்றைக்கு மெப்பைப் பெரிதாக்குவது கணினிக்குப் பெரிய பாரம் இல்லை. அந்த இடத்தை நிரப்பவேண்டிய மனிதர்களுக்குத்தான் பாரம்.

அந்தப் பாரத்தைக் குறைக்க வந்தது இரண்டாவது நுட்பம், புரொசீஜரல் ஜெனரேஷன். விதிகளை மட்டும் மனிதன் எழுதிக் கொடுப்பான், அந்த விதிப்படி நிலத்தைக் கணினியே உண்டாக்கும். மருதமுனைத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு ஓட்டி, டிசைனை ஒருதரம் அமைத்துவிட்டால், ஒரு சாரத்துக்கும் அதே டிசைன்தான், நூறு சாரத்துக்கும் அதே டிசைன்தான். நீளத்துக்கு எல்லையே இல்லை. 2016 இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கையில் உள்ள கிரகங்களின் எண்ணிக்கை 2 இன் 64 ஆம் அடுக்கு. அதை மனிதர்கள் உட்கார்ந்து செய்ய முடியாது.

தறித் துணி நல்ல துணிதான். ஆனால் நூறாவது முழத்தில் புதிதாக ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்து யாரும் அதை விரித்துப் பார்ப்பதில்லை. டாகர்ஃபோலின் ஆயிரக்கணக்கான ஊர்கள் ஒன்றைப்போல் மற்றது இருந்ததற்குக் காரணம் இதுதான். ஸ்டார்ஃபீல்டிலும் நிலத்தைக் கணினி உண்டாக்க, அதன்மேல் முன்பே செய்துவைத்த கட்டடங்களைத் தூவியிருக்கிறார்கள். விளையாடியவர்கள் பலர் ஒரு கிரகத்தில் பார்த்த ஆய்வுகூடத்தை இன்னொரு கிரகத்திலும் பார்த்தார்கள். அதே அறைகள், மேசையில் அதே குறிப்பு. அந்தக் குறிப்பை முதல்தரம் வாசிக்கும்போது ஒரு மனிதனின் கதை. இரண்டாம் தரம் அது வெறும் தளபாடம். ஒரு ஆர்பிஜியில் எனக்கு இதைவிட மனவருத்தம் தருவது வேறொன்றும் இல்லை.

டாகர்ஃபோலைச் செய்த நிறுவனமே பிறகு 2002 இல் மொரோவிண்டைச் செய்தபோது பாதையை மாற்றினார்கள். உலகத்தைப் பல்லாயிரம் மடங்கு சுருக்கி, ஒரு தீவை மட்டும் எடுத்து, இடம் இடமாகக் கையால் செய்தார்கள். இன்றைக்கும் ஆட்கள் திரும்பித் திரும்பிப் போகும் இடமாக அது இருக்கிறது.

சுருக்கம் இவ்வளவுதான்: பரப்பைக் கணினியால் பெருக்க முடியும். பார்க்கத் தகுந்ததை இன்னமும் மனிதர்கள்தான் விதைக்க வேண்டும்.

உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறதா?

அடர்த்தி மட்டும் போதுமா என்றால், மற்றக் கேம்களுக்குப் போதலாம். ஆர்பிஜிக்குப் போதாது. அதற்கு இன்னொன்று வேண்டும்.

எங்கள் ஒழுங்கை மூலைக் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. நீளமான சீ.ஆர். கொப்பி, மூலையெல்லாம் மடிந்து, ஒரு பேனை நூலில் தொங்கும். நான் போன வெள்ளிக்கிழமை வாங்கிய பருப்பு அதில் இருக்கிறது. எனக்கு முன்னால் அப்பா வாங்கியதும் பழைய கொப்பிகளில் எங்கோ இருக்கும். முதலாளி என்னைப் பார்த்துச் சிரிப்பதா, முகத்தைத் திருப்புவதா என்பதை அந்தக் கொப்பி தீர்மானிக்கிறது. பக்கத்து நகரத்துப் பெரிய சுப்பர் மார்க்கெட் அந்தக் கடையைவிட ஐம்பது மடங்கு பெரிசு. ஆனால் அங்கே நான் யாரும் இல்லை.

கேமுக்குள்ளும் அப்படி ஒரு கொப்பி உண்டு. நீங்கள் ஒருவரைக் காப்பாற்றினால் "ஆம்" என்று ஒரு குறி விழும், விட்டுவிட்டால் "இல்லை". இந்தக் குறியைத் தொழில்காரர்கள் ஃபிளாக் என்கிறார்கள். பிறகு வரும் உரையாடல்களும் சம்பவங்களும் அந்தக் குறியைப் பார்த்துத்தான் நடக்கும். இதில் ஒரு சிக்கல். ஒரு முடிவுக்கு இரண்டு நிலை, இரண்டு முடிவுக்கு நாலு, பத்து முடிவுக்கு 1,024. ஒன்றோடொன்று தொடுபடும் முடிவுகள் கூடக்கூட, எழுத வேண்டியதும் சோதிக்க வேண்டியதும் இப்படிப் பெருகும். ஆகவே ஞாபகம் உள்ள உலகம் செய்வது பரப்பு உள்ள உலகம் செய்வதைவிடச் செலவான வேலை. இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் காசு போகிறது.

இரண்டு பக்கத்தையும் ஒரே கேமுக்குள் பார்க்க வேண்டுமென்றால் 2015 இன் விட்சர் 3 ஐப் பாருங்கள். வெலன் என்ற சதுப்புப் பகுதியில், ஒரு குன்றின் உள்ளே, பழைய மரமொன்றின் வேரில் ஓர் ஆவி அடைபட்டுக் கிடக்கிறது. அது உங்களிடம் கதைக்கிறது, விடுதலை கேட்கிறது. விட்டால் சதுப்பில் இருக்கும் அனாதைப் பிள்ளைகள் தப்புவார்கள், ஆனால் பக்கத்துக் கிராமம் அழியும். கொன்றால் கிராமம் தப்பும், பிள்ளைகள் இல்லாமல் போவார்கள். எங்கோ ஒரு கோட்டையில் குடித்துக் குடும்பத்தைச் சிதைத்த ஒரு மனிதனின் முடிவும் இதோடு கட்டப்பட்டிருக்கிறது. நான் அந்த மரத்துக்கு முன்னால் கட்டுப்படுத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் அழுத்தாமல் இருந்தேன். இரவு ஒரு மணி இருக்கும். வெளியே மழை. அந்தக் குன்று நம் பள்ளிக்கூட மைதானத்தில் அடங்கிவிடும்.

அதே கேமில் ஸ்கெலிகே என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. கடல் அழகு. ஆனால் அந்தக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் படகு விட்டுப் போனால், மிதக்கும் பீப்பாய், அடியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் விற்பதற்குச் சில சாமான். அடுத்ததும் அதே. நான் சுமார் இருபதோடு விட்டுவிட்டேன். மெப்பின் பரப்பை அந்தக் கடல்தான் கூட்டுகிறது. நினைவில் நின்றது அந்த மரம்.

இன்னும் சின்ன உலகம் வேண்டுமா? 2019 இல் வந்த டிஸ்கோ எலிசியம் முழுவதும் மார்ட்டினேஸ் என்ற ஒரே ஒரு துறைமுகப் பேட்டையில் நடக்கிறது. புளியந்தீவைச் சுற்றி வருவது போல அதைச் சுற்றி வரலாம். ஆனால் உங்கள் ஆளுக்கு 24 திறமைகள், அவை ஒவ்வொன்றும் அவன் தலைக்குள் அவனோடு கதைக்கும். காலையில் ஒருவரிடம் வாய்தவறிச் சொன்னது மாலையில் இன்னொருவர் வாயில் வரும். நம் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

தூரத்துக்கும் ஒரு வேலை உண்டு

இவ்வளவும் வாசித்துவிட்டு, சின்ன உலகம்தான் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூரம் தரும் ஒன்றை வேறு எதுவும் தராது.

குருமண்வெளித் துறையில் நின்றால் எதிரே மண்டூர்க் கரை தெரியும். நீந்தத் தெரிந்தவன் நீந்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாதை வர வேண்டும். பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அது அக்கரையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது ஒரு அம்மா, "எங்க மனே போறாய், ஆர்ர வீட்ட?" என்று கேட்பார். நீங்கள் சொல்லும் பெயரை வைத்து உங்கள் பாட்டனார் வரைக்கும் போய்விடுவார். ஏறியபிறகு எழுவான்கரை, அதாவது கிழக்குக் கரை, பின்னால் மெல்லச் சின்னதாகும். இறங்கும்போது வேறொரு உலகத்துக்கு வந்த உணர்வு. தூரம் சின்னது. கடப்பதற்கு ஒரு விலை இருந்ததால் அது பெரிதாக இருந்தது.

இந்த விலையைக் கேம்கள் எப்படிக் கையாள்கின்றன என்பதைக் கவனியுங்கள். மெப்பில் ஓர் இடத்தைத் தொட்டால் உடனே அங்கே போய் நிற்கும் வசதிக்கு ஃபாஸ்ட் டிராவல் என்று பெயர். பெரிய உலகத்தில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு தரமும் நடுவிலுள்ள நிலம் இல்லாமல் போகிறது. நூறு சதுர கிலோமீட்டர் உலகத்தைச் செய்து வைத்துவிட்டு, அதில் பத்துப் புள்ளிகளுக்கு நடுவே குதித்துத் திரிகிறோம். அப்போது அந்த உலகம் ஒரு பட்டியல்தான்.

மொரோவிண்டில் இதை வேறு மாதிரிச் செய்திருந்தார்கள். ஊருக்கு ஊர் போக ஒரு பெரிய பூச்சி. அதன் முதுகு ஓட்டைக் குடைந்து ஆள் இருக்க இடம் செய்திருப்பார்கள். அது எல்லா ஊருக்கும் போகாது. சில ஊருக்குப் பூச்சி, சில ஊருக்குப் படகு, மிச்சத்துக்கு நடந்துதான் போக வேண்டும். போகும் இடத்தை அம்புக்குறி காட்டாது. ஆலமரத்தடியில் திரும்பு, வாய்க்காலைக் கட என்று நம் ஆட்கள் வழி சொல்வதைப் போல அங்குள்ளவர்கள் சொல்வார்கள், நீங்கள் தேடிப் போக வேண்டும். அந்தச் சின்னத் தீவு பெரிதாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். மிச்சப் பாதி, நடுவில் நிற்கும் மலையும், தூரத்தை மறைக்கும் மூடுபனியும்.

மறைப்பது என்பது தனிக் கலை. பிரெத் ஒஃப் த வைல்டைச் செய்தவர்கள் 2017 இல் யப்பானில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் தங்கள் முக்கோண விதியை விளக்கினார்கள். நிலத்தில் மேடுகளை முக்கோண வடிவில் வைத்தால், ஏறுவதா சுற்றிப் போவதா என்று ஆள் முடிவெடுக்க வேண்டிவரும். எந்தப் பக்கம் போனாலும், மறைந்திருந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கும். அதை நோக்கிப் போனால் இன்னொன்று. பெரிய முக்கோணம் தூரத்திலிருந்தே கூப்பிடும், நடுத்தரம் மறைத்து வைக்கும், சின்னது வழியில் சலிப்பைப் போக்கும். 2022 இன் எல்டன் ரிங்கிலும் பொன்னிறத்தில் ஒரு மாபெரும் மரம் நிலத்துக்கு மேலே அநேகமான இடங்களிலிருந்து தெரியும். அங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தோன்றும். அதன் நிலவறைகள் சில ஒன்றைப்போல் ஒன்று இருப்பது உண்மை, அங்கே தறி ஓடுகிறது. ஆனாலும் அந்தத் தூரம் தேவையான தூரம். அது இல்லையென்றால் அந்த மரத்துக்கு அந்தக் கனம் இருக்காது.

டவுன்லோட் அழுத்துவதற்கு முன்

மருமகனோடு சேர்ந்து ஒன்று செய்தோம். ஒரு கேமை எடுக்க முன்னால், யாராவது அதை விளையாடும் காணொளியில் நடுவில் ஒரு பத்து நிமிடம் பார்ப்பது. தொடக்கத்தைப் பார்க்கக் கூடாது, அங்கே எல்லாரும் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் விளையாடுபவர் எத்தனை தரம் வழியை விட்டு விலகிப் போகிறார்? யாராவது அவர் முன்பு செய்ததைச் சொல்லிக் கதைக்கிறார்களா? அவருடைய கண் நிலத்தில் இருக்கிறதா, மூலையில் இருக்கும் அம்புக்குறியில் இருக்கிறதா? சதுர கிலோமீட்டரை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஸ்டார்ஃபீல்ட் அப்படியே நிற்கிறது. வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, பிறகு பார்ப்பானாம். அதற்குப் பதிலாக மொரோவிண்டை ஏற்றிக் கொடுத்தேன். ஒரே இரவில் இறங்கிவிட்டது, அவன் அப்பாவின் பழைய லெப்டொப்பிலும் ஓடுகிறது. இப்போது களுவாஞ்சிகுடியில் இருந்து, பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வழி எழுதிக்கொண்டு விளையாடுகிறான். நேற்று இரவு ஃபோன் எடுத்தான்.

"மாமா, பால்மோரா என்ற ஊருக்குப் போகச் சொல்றாங்க. பூச்சியில ஏறவா, நடக்கவா? பூச்சிக்குக் காசு இருக்கு."

"நடந்து போ மனே," என்றேன்.

"வழியில என்ன இருக்கு?"

நான் சொல்லவில்லை.